நின்றுபோன விசிறி

நெய்வேலி நகரியத்தில் மாலை வேளையில் உலாவச் செல்பவர்கள் அனல்மின் நிலையத்தின் பக்கமாகத் தலை நிமிர்ந்து நோக்குவது வழக்கம். அங்கே இடை சிறுத்து நிற்கும் பெரிய கோபுரங்களின் வாயிலிருந்து வெண்மேகம் போன்ற ஒன்று எழுந்து வானத்தில் கலந்துகொண்டே இருக்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அதனைப் புகை என்று எண்ணிவிடுவார்கள். அது புகையன்று, ஆவியும் நுண்ணிய நீர்த்துளிகளுமே ஆகும். கொதிகலனில் உண்டான நீராவி, சுழலியைச் சுழற்றி மின்சாரத்தை ஆக்கித் தந்த பிறகு, மீண்டும் நீராக மாற வேண்டும். அப்போது வெளிப்படும் வெப்பத்தைச் சுமந்துவரும் தண்ணீர் அந்தக் கோபுரங்களிலே குளிர்ச்சி பெறுகின்றது. வெப்பத்தை வெளியேற்றும் இவ்வேலை நின்றுவிட்டால், எத்துணைப் பெரிய மின்நிலையமும் நின்றுவிடும்.

இதே ஊரில், ஒரு மாணவியின் மேசைமீது இருந்த மடிக்கணினி ஒன்றும் சில மாதங்களுக்கு முன்பு இதே காரணத்தால் நின்றுபோயிற்று. அவள் எங்கள் அண்டை வீட்டுப் பெண். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவள். கணினி அவளுடைய தமையன் பயன்படுத்தி விட்டுச் சென்றது, வயது ஒன்பது. இயக்கிய பத்து நிமிடங்களில் அடிப்பக்கம் கையைச் சுடும். பிறகு தானாகவே அணைந்துவிடும். கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய ஆய்வறிக்கை அதனுள் பாதியில் நின்றது. கடையொன்றில் காட்டியபோது, இவ்வளவு பழைய கணினிக்குப் பாகம் வருவதில்லை, புதிது வாங்கிவிடுங்கள் என்று கூறிவிட்டார்களாம். அவளுடைய தந்தையாரோ அவ்வாண்டில் பணியினின்றும் ஓய்வு பெறவிருந்தார். தங்கையின் படிப்பும் முன்னே நின்றது. “மாமா, படிப்பு முடியும் வரையில் இது ஓடினால் போதும்” என்றாள் அவள்.

அவளுக்கு வேண்டியிருந்த பாகம் என்ன? உள்ளங்கையில் அடங்கும் ஒரு விசிறி. அதன் விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த அச்சாணியை எவ்வாறு தேடிக் கண்டுபிடிப்பது என்பதையே இன்று ஆராய்வோம்.

முதலில், அவ்விசிறி செய்யும் வேலையை அறிந்துகொள்ள வேண்டும். கணினியின் மூளையெனத் தக்க செயலி, நகத்தின் அளவே உள்ள ஒரு சிலிக்கன் சில்லு. அது வேலை செய்யும்போது, மடிக்கணினியின் வகைக்கேற்ப 15 வாட்டு முதல் 45 வாட்டு வரையிலோ அதற்கு மேலோ வெப்பம் உண்டாகும். ஒரு சிறிய மின்விளக்கின் வெப்பம் நகத்தளவு இடத்தில் குவிந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே அவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்ற ஒரு வழி அமைத்திருக்கிறார்கள். சில்லின்மேல் ஒரு களிம்பு தடவி, அதன்மேல் செப்புத் தகடு ஒன்றைப் பொருத்துவார்கள். அத்தகட்டினின்றும் செப்புக் குழாய் ஒன்று கணினியின் ஓரத்திற்குச் செல்லும். இரு முனைகளும் அடைபட்ட அக்குழாய்க்குள் காற்றை அகற்றிவிட்டு, சிறிதளவு நீரை வைத்திருப்பார்கள். சூடான முனையில் நீர் ஆவியாகும். ஆவி மறு முனைக்கு ஓடி அங்கே குளிர்ந்து நீராகும். நீர் குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகளின் வழியே ஊறித் திரும்பி வரும். மின்நிலையத்தில் ஆவி நீராகும் செயலும் இச்சிறு குழாயில் ஆவி நீராகும் செயலும் இயற்கையின் ஒரே விதியைச் சார்ந்தவை. குளிர்ந்த முனையில் மெல்லிய தகடுகள் பல அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் ஊடே காற்றைச் செலுத்தி, வெப்பத்தை வெளியே துரத்துவதுதான் விசிறியின் தொழில்.

விசிறி நின்றால் வெப்பம் தகடுகளிலேயே தங்கிவிடும். சில்லின் வெப்பநிலை ஏறும். அப்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் வெப்பநிலை ஏறத்தாழ 100 பாகை செல்சியசைத் தொடுமானால், கணினி அணைந்துவிடும். அம்மாணவியின் கணினி பத்து நிமிடத்தில் அணைந்ததன் பொருள், அது கெட்டுவிட்டது என்பதன்று; தன்னைக் கெடாமல் காத்துக்கொண்டது என்பதே.

விசிறி ஏன் ஓய்கின்றது? அதன் இதழ்கள் தேய்வதில்லை. அதனைத் தாங்கும் பேரிங்தான் தேய்கின்றது. நிமிடத்திற்குச் சில ஆயிரம் முறை சுழலும் மெல்லிய அச்சு ஒன்று, எண்ணெய் ஊறிய சிறு உலோகக் குழலுக்குள்ளே நிற்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெய் வற்றும். தூசி கலந்து கெட்டியாகும். முதலில் கடகடவென்று ஓசை எழும். பிறகு இயக்கும்போது தயங்கித் தயங்கிச் சுழலும். இறுதியில் நின்றுவிடும். கடகடவென்ற அந்த ஓசையே விசிறி நமக்கு விடுக்கும் முன்னறிவிப்பு. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் அதனைக் கேட்டும் கேளாதவர் போல இருந்துவிடுகிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணினி சூடாவதெல்லாம் விசிறியின் குற்றமாகாது. விசிறி நன்றாகச் சுழன்றும், தகடுகளின் இடையே தூசி கம்பளம் போல அடைத்திருந்தால் காற்று வெளியேறாது. களிம்பு உலர்ந்து போயிருந்தால் வெப்பம் செப்புத் தகட்டையே எட்டாது. ஆதலின் பாகத்தைத் தேடும் முன்பு நோயை உறுதி செய்துகொள்ள வேண்டும். காற்று வெளிவரும் துளைகளின் அருகே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். கணினி நன்றாகச் சூடான பின்னும் காகிதம் அசையாவிட்டால், அடிமூடியைக் கழற்றி விசிறி சுழல்கின்றதா என்று கண்ணால் காணலாம். எங்கள் கணினியில் அது அசைவற்றிருந்தது. விரலால் தள்ளினாலும் அரைச் சுற்றில் நின்றது.

நோய் தெளிவாயிற்று. இனி மருந்தைத் தேட வேண்டும். வீட்டிலுள்ள மின்விளக்கு அணைந்துவிட்டால் அண்டைக் கடையில் வேறொன்று வாங்கி மாட்டிவிடுகிறோம். எந்த நிறுவனம் செய்த விளக்கு என்று நாம் கேட்பதும் இல்லை. மடிக்கணினியின் விசிறிக்கு மட்டும் ஏன் இத்துணை அலைச்சல்?

விடை தொழில் வரலாற்றில் உள்ளது. ஒரு காலத்தில் திருகாணிகளுக்கே பொது அளவு கிடையாது. ஒரு தொழிற்சாலையின் திருகாணி மற்றொரு தொழிற்சாலையின் மரைக்குப் பொருந்தாது. 1841-ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியியல் அறிஞர், புரிகளின் கோணமும் இடைவெளியும் எங்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்று ஓர் அளவுமுறையை வகுத்துரைத்தார். அன்று தொடங்கிய இயக்கத்தின் பயனாகவே விளக்குக்கும் விளக்குத் தாங்கிக்கும், மின்செருகிக்கும் அதன் துளைக்கும் பொது அளவுகள் ஏற்பட்டன. நம் நாட்டிலும் 1947-இல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் நிறுவப்பெற்றது. மேசைக் கணினியின் விசிறிகளுக்கும் இத்தகைய பொது அளவுகள் உண்டு. 80 மில்லிமீட்டர், 120 மில்லிமீட்டர் என்று அளவைச் சொல்லி எந்த நிறுவனத்தின் விசிறியையும் வாங்கி மாட்டலாம். மடிக்கணினிக்கு அவ்வாறில்லை. ஒவ்வொரு வகையையும் மெலிதாக்க வேண்டும் என்ற போட்டியில், உள்ளே எஞ்சிய இடத்திற்கு ஏற்றவாறு விசிறியின் வடிவத்தை அமைத்துவிடுகிறார்கள். ஆகவே ஒரே நிறுவனத்தின் இரு கணினிகளுக்குக்கூட ஒரே விசிறி பொருந்தாமல் போகலாம்.

பொது அளவு இல்லாத பொருளைத் தேடுவதற்கு ஒரே வழி, அதன் பெயரைச் சரியாக அறிந்துகொள்வதாகும். விசிறிக்கு மூன்று பெயர்கள் உண்டு என்று கொள்ளலாம். முதலாவது, கணினியின் மாதிரி எண். மூடியின்மேல் பளபளக்கும் வணிகப் பெயர் இதற்கு உதவாது. அடிப்பக்கத்து ஒட்டுத்தாளில் சிறிய எழுத்துக்களில் உள்ள முழு எண்ணே வேண்டும். இரண்டாவது, கணினி நிறுவனம் அந்த உதிரிப் பாகத்திற்கு இட்டிருக்கும் எண். பல நிறுவனங்கள் தம் கணினிகளின் பராமரிப்புக் கையேடுகளை இணையத்தில் எவரும் படிக்குமாறு வைத்திருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு பாகத்தின் படமும் எண்ணும் கழற்றும் முறையும் காணப்படும். மூன்றாவது, விசிறியைச் செய்த நிறுவனம் விசிறியின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண். கணினியை விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் விசிறியைத் தாமே செய்வதில்லை. தைவானைச் சேர்ந்த டெல்ட்டா, சன்ஆன் போன்ற நிறுவனங்களிடமிருந்து வாங்குகின்றன. ஆதலால் ஒரே கணினி மாதிரியில் இரு வேறு நிறுவனங்களின் விசிறிகள் இருக்கவும் கூடும். அவை ஒன்றுக்கொன்று மாற்றாகப் பொருந்தும். இதனை அறியாதவர், எண் வேறுபட்டதென்று நல்ல பாகத்தைத் தள்ளிவிடுவார்.

எண்ணோடு வேறு சில அடையாளங்களையும் ஒப்பிட வேண்டும். மின்னழுத்தம் எத்தனை வோல்ட்டு என்று பாருங்கள். பெரும்பாலும் 5 வோல்ட்டாக இருக்கும். விசிறியின் தடிமனை மில்லிமீட்டரில் அளந்து குறியுங்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் மூடி மூடாது. திருகாணித் துளைகள் எங்கெங்கே உள்ளன, காற்று எப்பக்கம் வெளியேறுகின்றது என்பனவற்றையும் காணுங்கள். தனியாக ஒரு வரைகலைச் சில்லு பொருத்திய கணினிக்கும் அது இல்லாத கணினிக்கும், மாதிரிப் பெயர் ஒன்றாயினும் விசிறி வேறாகலாம். எல்லாவற்றினும் முக்கியமாக, கம்பிகளை எண்ணுங்கள். இரு கம்பிகள் மின்சாரத்தைக் கொண்டு செல்கின்றன. மூன்றாவது கம்பி, விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றது என்ற செய்தியைக் கணினிக்கு அறிவிக்கின்றது. நான்காவது கம்பி இருந்தால், அதன் வழியே கணினி விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றது. வேகச் செய்தி வராவிட்டால் சில கணினிகள், விசிறியில் பிழை என்று அறிவித்து இயங்க மறுத்துவிடும்.

நாங்கள் முதலில் செய்த தவறு இங்கேதான். உருவம் ஒன்றாக இருக்கின்றதே என்று, படத்தைப் பார்த்து ஒரு விசிறியை வரவழைத்தோம். வந்ததை வைத்துப் பார்த்தபோது, திருகாணித் துளைகள் பொருந்தின, கம்பியோ மூன்றுதான். எங்கள் கணினியின் இணைப்பில் நான்கு ஊசிகள் இருந்தன. நாங்கள் எண்ணின் இறுதியிலிருந்த இரண்டு எழுத்துக்களைப் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரமும் அஞ்சற் செலவும் வீணாயின. ஆய்வறிக்கைக்கோ இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன.

இரண்டாம் முறை, விசிறியின் மேலிருந்த ஒட்டுத்தாளை ஒளிப்படம் எடுத்து, எண்ணை எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டோம். நெய்வேலியிலும் கடலூரிலும் கிடைக்கவில்லை. பிறகு சென்னை ரிச்சி தெருவுக்குச் செல்லும் உறவினர் ஒருவரிடம் அக்குறிப்பைக் கொடுத்தோம். அண்ணா சாலைக்கு அருகே, சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டியுள்ள அந்தத் தெருவும் அதன் கிளைத் தெருக்களும் மின்னணுப் பொருள்களுக்குப் பெயர் பெற்றவை. பெங்களூரில் எஸ்.பி. சாலையும் தில்லியில் நேரு பிளேசும் அத்தகையனவே. புதிய பாகங்கள் விற்பதோடு, உயிரற்ற கணினிகளைப் பிரித்து அவற்றின் நல்ல உறுப்புகளை வகைப்படுத்தி வைத்திருக்கும் சிறு கடைகளும் அங்கே உண்டு. திரை உடைந்தோ தாய்ப்பலகை எரிந்தோ போன ஒரு கணினியில் விசிறி நன்றாகவே இருக்கலாம் அன்றோ? அத்தகைய கணினி ஒன்றிலிருந்துதான் எங்களுக்கு வேண்டிய விசிறி கிடைத்தது. எண் இறுதி எழுத்து வரையில் ஒத்திருந்தது.

பயன்படுத்திய பாகத்தை வாங்குவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். விரலால் மெல்லச் சுழற்றினால் அது தடையின்றிச் சுழன்று படிப்படியாக நிற்க வேண்டும். இதழ்ச் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். பாகம் எங்கும் கிடைக்காதபோது, அச்சில் தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுவோர் உண்டு. அது சில நாட்களுக்கு உதவும் முதலுதவியே தவிர, மருத்துவமாகாது.

மாற்றும் வேலை கடினமன்று, பொறுமையே வேண்டும். முதலில் மின்னிணைப்பை நீக்கி, மூடியைத் திறந்தவுடன் மின்கலத்தின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் அதனைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. தேர்ந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய திருகாணிகளை அந்தந்த இடத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. நீளத் திருகாணியைக் குட்டையான துளையில் முறுக்கினால் பலகை சேதமுறும். செப்புத் தகட்டை எடுக்க நேர்ந்தால், பழைய களிம்பைத் துடைத்துவிட்டுப் புதிய களிம்பு சிறிதளவு இட வேண்டும். தூசியை ஊதும்போது விசிறியின் இதழ்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அளவு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும்.

இவ்வளவு முயற்சி ஒரு பழைய கணினிக்குத் தகுமா என்று சிலர் கேட்கலாம். நெய்வேலியில் வாழ்பவர்கள் இக்கேள்விக்கு விடையைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. இங்கே 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்கள். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் முதல் அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட்டுப் பிரிவு இயங்கத் தொடங்கிற்று. பின்னர் அது 600 மெகாவாட்டு நிலையமாக வளர்ந்தது. அதன் இயந்திரங்கள் சோவியத்து நாட்டின் உதவியால் வந்தவை. 1991-இல் சோவியத்து ஒன்றியம் கலைந்து, உலகப் படத்திலிருந்தே மறைந்தது. நிலையம் மறையவில்லை. 1990-களில் ஆயுள் நீட்டிப்புப் பணிகள் நடைபெற்றன. பிரிவு பிரிவாக மூடப்பெற்று, 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில்தான் அது முற்றிலும் ஓய்ந்தது. செய்து கொடுத்த நாடு மறைந்த பின்னும் இயந்திரம் ஏறத்தாழ 30 ஆண்டுகள் உழைத்தது. தேய்ந்ததை அறிந்து, அளந்து, மாற்றி வந்த தொழிலாளரின் கைத்திறனே அதன் காரணம். சுரங்கத்தில் மண்ணை வெட்டும் பெருஞ்சக்கர இயந்திரங்களும் அப்படித்தான். இங்குள்ள கடினமான மணற்கல்லில் மோதி அவற்றின் வாளிப் பற்கள் தேய்கின்றன. பல் தேய்ந்ததென்று இயந்திரத்தையே எவரும் எறிந்துவிடுவதில்லை, பல்லை மாற்றுகிறார்கள்.

பெரிய நிலையத்திற்குக் கிடங்கு உண்டு, வரைபடம் உண்டு, பட்டறை உண்டு. ஒரு மாணவிக்கு இவை எங்கிருந்து கிடைக்கும்? இதனை உணர்ந்தே, பழுது நீக்கும் உரிமை என்ற கருத்து உலகெங்கும் எழுந்துள்ளது. பிரான்சு நாட்டில் 2021-ஆம் ஆண்டு முதல், மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களை விற்பவர், அவற்றைப் பழுது நீக்குவது எவ்வளவு எளிது என்பதை மதிப்பெண் இட்டு அறிவிக்க வேண்டும். உதிரிப் பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பனவும் அம்மதிப்பெண்ணில் அடங்கும். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், நுகர்வோர் துறை இதற்கென ஓர் இணையத்தளத்தைத் திறந்தது. தமிழ்நாட்டில் இக்கருத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் பல இலட்சம் மாணவர்கள் கணினி பெற்றனர். தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவை பத்தாண்டைக் கடந்துவிட்டன. இதில் ஒரு நன்மையும் மறைந்திருக்கின்றது. ஒரே வகைக் கணினிகள் ஏராளமாக வழங்கப்பட்டிருப்பதால், இயங்காத ஒன்றின் உறுப்பு இயங்கும் மற்றொன்றுக்குப் பொருந்தும். பரண்மேல் கிடக்கும் பழைய கணினி குப்பையன்று. அது ஓர் உதிரிப் பாகக் கிடங்கு. எதற்கும் உதவாதவற்றைக்கூடச் சாதாரணக் குப்பையில் சேர்க்காமல், மின்னணுக் கழிவை முறையாகப் பிரிக்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் ஒப்படைப்பதே தக்கது.

எல்லாக் கணினிகளையும் எக்காலத்தும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. தாய்ப்பலகை எரிந்துவிட்டால் செலவு பயனை மிஞ்சலாம். ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன்பு, கெட்டது எது, அதன் பெயர் என்ன என்ற இரண்டு கேள்விகளையேனும் கேட்டுவிட வேண்டும். பாகம் வருவதில்லை என்று சொல்லப்படும் பல இடங்களில், பாகத்தின் பெயர் தெரியவில்லை என்பதே உண்மையாக இருக்கும்.

எங்கள் அண்டை வீட்டுப் பெண், ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்னதாக ஆய்வறிக்கையை முடித்தாள். அதன் பிறகு அவள் செய்த ஒரு சிறு காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விசிறியின் முழு எண்ணையும் தடிமனையும் கம்பிகளின் எண்ணிக்கையையும் மாற்றிய நாளையும் ஒரு சிறிய தாளில் எழுதி, கணினியின் அடியில் ஒட்டிவைத்தாள். அடுத்து அக்கணினி அவள் தங்கைக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கணினி இருக்குமாயின், அது நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் இன்றைக்கே அதன் மாதிரி எண்ணைக் குறித்து வையுங்கள். விசிறி கடகடவென்று ஒலி எழுப்பும் நாளில், எதைத் தேட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.